இந்தியர் என்ற ஒரே கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் எடுத்து எழுதிவிடுகிறேன். "சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் அதிகம் என்று அறிக்கைகளில் வருகிறது. இதற்குக் காரணம் நம் உடல்வாகா, சாப்பாடா, வறுமையா? இங்கே என்ன ஆய்வு நடந்திருக்கிறது? என் இறுதியாண்டு ஆய்வை எங்கே தொடங்குவது?"

மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் உடல்நலப் புள்ளிவிவரத்தை இனவாரியாகப் பிரித்துக் காட்டுவது பழக்கமாகிவிட்டது. வருமானவாரியாக, வேலைவாரியாகப் பிரித்துக் காட்டுவது குறைவு. அதனால் கஷ்டத்தால் வரும் நோய்கூட இனத்தின் பெயரில் பதிவாகிவிடுகிறது. அந்த இனத்துக்குள் கஷ்டப்படும் ஆள் தனியாகத் தெரிவதில்லை. நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் சுகாதாரக் கருத்தாய்வுகளுக்காகக் கதவு தட்டிக் கேள்வி கேட்டவன். பிறகு அந்தத் தரவைத் தொகுக்கும் பக்கமும் இருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

முதலில் எண்கள். இது நேற்று வந்த பேச்சு இல்லை. 1959-இலேயே டாக்டர் டி. ஜே. தனராஜும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை அலசி, இதய ரத்தக்குழாய் நோய் இந்தியர்களிடம் சீனர்களைவிட மிக அதிகமாக இருப்பதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் அதையே காட்டின. 2010 தேசிய சுகாதாரக் கருத்தாய்வில் 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் 9.7, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2. சுகாதார அமைச்சு 2016-இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னார். அந்த வயது மலாய்க்காரர்களில் பத்தில் ஐவருக்கு, இந்தியர்களில் பத்தில் அறுவருக்கு என்றார். பத்தில் ஆறு! நம் குடும்பங்களில் தாத்தா பாட்டி வரிசையை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரி என்றே தோன்றும்.

இப்போது உடல்வாகு. இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே உயரம், ஒரே எடை உள்ள ஒரு ஐரோப்பியரையும் ஒரு தெற்காசியரையும் எடுத்துக்கொண்டால், தெற்காசியரின் உடலில் கொழுப்பின் பங்கு பொதுவாக அதிகம், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. அப்படிச் சேரும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பேசுவதற்கான நிபுணர் கூட்டத்தை 2002 ஜூலையில் சிங்கப்பூரிலேயே நடத்தியது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், பிஎம்ஐ) 23-ஐத் தொட்டாலே கவனம் வேண்டும், 27.5-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்ற வரம்புகள் அங்கிருந்து வந்தவைதான். நம் பலதுறை மருந்தகங்களில் இன்றும் அந்த வரம்புகளை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

பிறப்பதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 2009-இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் தாய்மார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. தாயின் ரத்தச் சர்க்கரை வயிற்றுப் பிள்ளையின் கொழுப்பையும் பிற்கால உடல்நலத்தையும் பாதிக்கிறது. ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தாய், தந்தை இருவரும் ஒரே இனத்தவராக இருக்கும் குடும்பங்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். ஆய்வு நோக்கத்துக்கு அது நியாயமான விதிதான். ஆனால் இனம் என்ற பிரிவு ஆய்வின் அடித்தளத்திலேயே எப்படி அமர்ந்திருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம்.

சரி, எல்லாம் உடல்வாகுதான் என்று முடித்துவிடலாமா? தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய பெரிய நீரிழிவு ஆய்வின் முதல் கட்ட முடிவு 2011-இல் வந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் 13.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. கிராமங்களில் 7.8. அதே மக்கள், அதே மரபணு, பல குடும்பங்களில் அண்ணன் நகரத்தில் இருப்பார், தம்பி கிராமத்தில் இருப்பார். வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வயது வரம்பும் முறையும் வேறு என்பதால் நம் 17.2-ஐ அதோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் வாழும் இடமும் வேலையும் எவ்வளவு மாற்றுகின்றன என்பது தெரிகிறது அல்லவா?

அதே ஆய்வின் அடுத்த கட்டம் 2017-இல் வெளிவந்தது. அதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நீரிழிவு பணக்கார வியாதி என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைத்தார்கள். ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் போன்ற வசதியான பகுதிகளின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது. ஊர் வளர வளர நோய் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்குகிறது. வசதி உள்ளவர் நடக்கப் போவார், காய்கறி வாங்குவார், மருத்துவரிடம் சீக்கிரம் போவார். வசதி இல்லாதவருக்கு மலிவான மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் கைக்கு எட்டும். முழுக்க முழுக்க நகரமாகவே இருக்கும் சிங்கப்பூரில் இது எப்படி இருக்கும் என்று கேட்பதுதான் அடுத்த கேள்வி. அங்கேதான் நம் புள்ளிவிவரம் நம்மைக் கைவிடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைவழி வரும் குடும்ப மாத வருமானத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வரும் குடும்பத்தின் வருமானம்) சீனர்களுக்கு 5,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மலாய்க்காரர்களுக்கு 3,844 வெள்ளி, இந்தியர்களுக்கு 5,370 வெள்ளி. அதாவது மூன்று பெரிய இனங்களில் இந்தியர்தான் மேலே. இதைப் பார்க்கும் ஓர் ஆய்வாளர் என்ன நினைப்பார்? இந்தியர்களுக்கு வசதி குறைவில்லை, ஆனாலும் நோய் அதிகம், ஆக இது இனம், பழக்கம், சாப்பாடு என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அந்த 'இந்தியர்' யார்? மூன்று தலைமுறைக்கு முன் துறைமுகத்திலும் நகராட்சித் துப்புரவுப் பணியிலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் தகவல் தொழில்நுட்பம், வங்கி வேலைக்கு வந்து நிரந்தரவாசியும் குடிமகனும் ஆனவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞரும் மருத்துவரும் இருக்கிறார்கள். ஓரறை வாடகை வீட்டில் இருப்பவரும் இருக்கிறார். எல்லோரும் ஒரே கட்டம். மேலே வந்து சேர்ந்தவர்களின் சம்பளம் இடைநிலையைத் தூக்கிவிடுகிறது. கீழே இருப்பவர்கள் கீழேயேதான் இருக்கிறார்கள், ஆனால் அந்த எண்ணில் அவர்கள் தெரியமாட்டார்கள். நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் 1991-இல் சிண்டா என்ற இந்தியர் சுயஉதவி அமைப்பைத் தொடங்கினோமே, அந்தக் கவலைக்குரிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

வருமானத்தைக் கேட்டுப் பதில் வாங்குவது சிரமம் என்பது உண்மை. நானே அனுபவித்திருக்கிறேன். சர்க்கரை எவ்வளவு என்றால் சொல்வார்கள், மலச்சிக்கல் பற்றிக்கூடச் சொல்வார்கள், சம்பளம் எவ்வளவு என்றதும் முகம் மாறிவிடும். அதனால் இங்கே ஆய்வாளர்கள் வீட்டு வகையை அளவுகோலாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனி அஞ்சல் குறியீடு உண்டு. முகவரி தெரிந்தால் அது வாடகை புளோக்கா, வாங்கிய வீடுகள் உள்ள புளோக்கா என்று தெரிந்துவிடும். அரசாங்க வாடகை வீட்டுக்குக் குடும்ப வருமான வரம்பு நெடுங்காலமாக 1,500 வெள்ளி. எனவே வாடகை புளோக் என்றாலே உள்ளே இருப்பவரின் நிலை ஓரளவு புரிந்துவிடும்.

இந்த வழியில் வந்த ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களும் ஆசிரியர்களும் வாடகை புளோக்குகளையும் பக்கத்திலேயே இருக்கும் சொந்த வீட்டு புளோக்குகளையும் ஒப்பிட்டுத் தொடர்ந்து எழுதினார்கள். ஒரே பேட்டை, ஒரே மருந்தகம், ஒரே காப்பிக்கடை. ஆனாலும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்குப் போவது குறைவு. வாசலுக்கே போய் இலவசமாகச் செய்து கொடுத்தபோது பங்கெடுத்தவர்கள் கூடினார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு மறுமுனையைக் காட்டியது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சேர்வதும் அவசரப் பிரிவுக்கு வருவதும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பரிசோதனைக்கு வராதவர்தான் கடைசியில் ஆம்புலன்ஸில் வருகிறார்.

ஏன் வருவதில்லை? இதற்கு "விழிப்புணர்வு இல்லை" என்ற பதிலை எழுதிவிட்டுப் போவது மிக எளிது. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே பிடிக்காது. நான் பார்த்தவர்களில் பலருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வந்தால் கால் போகும், கண் போகும் என்பது நன்றாகவே தெரியும். அண்ணனுக்குப் போயிருக்கும், அம்மாவுக்குப் போயிருக்கும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் வரும் பாதுகாவல் ஊழியரிடம், பட்டினியாக இருந்து நாளைக்கு ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று சொல்வதில் என்ன பயன்? அவர் தூங்கும் நேரம் அது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் காசு போகும். பரிசோதனை இலவசம் என்றாலும், நோய் இருப்பது தெரிந்துவிட்டால் அதன் பிறகு மாதாமாதம் வரும் மருந்துச் செலவும் வேலை போய்விடுமோ என்ற பயமும் இலவசம் இல்லையே. தெரியாமல் இருப்பதே நல்லது என்று ஒரு மனிதர் முடிவெடுத்தால், அவருடைய நிலையில் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மருந்தகக் கட்டணச் சலுகை தரும் சாஸ் அட்டை, மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்பீடு, 2023-இல் வந்த ஹெல்தியர் எஸ்ஜி என்ற நோய்த்தடுப்புத் திட்டம் எல்லாம் செலவுச் சுமையை நிஜமாகவே குறைத்திருக்கின்றன, அதை மறுக்க முடியாது. நேரத்தின் சுமையை அவை அவ்வளவாகத் தொடவில்லை.

கருத்தாய்வில் இன்னொரு ஓட்டையும் இங்கே இருக்கிறது. நான் பகலில் தட்டிய வாடகை வீட்டுக் கதவுகளில் பல திறக்கவே இல்லை. உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் இரண்டாவது வேலைக்குப் போயிருப்பார். மூன்று முறை போயும் ஆள் கிடைக்காவிட்டால் 'பதிலில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மாதிரி ஆட்கள்தான் நோயோடு இருக்கவும் வாய்ப்பு அதிகம். அதனால் எந்த அறிக்கையைப் படித்தாலும் முதலில் பதில் விகிதம் எவ்வளவு, பதில் சொல்லாதவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். முடிவுப் பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஒரே ஓர் ஆய்வை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், 2019-இல் ஓங் சியான், வால்டர் தெசெய்ரா, ஐரீன் இங் மூவரும் வெளியிட்ட கடன் பற்றிய ஆய்வைப் படியுங்கள். மெதடிஸ்ட் நலச் சேவை அமைப்பு, நெடுநாள் கடனில் தவித்த ஏழைக் குடும்பங்களுக்கு 5,000 வெள்ளி வரை கடனை அடைத்துக் கொடுத்தது. வீட்டுக் கடன் பாக்கி, தண்ணீர் மின்சாரக் கட்டணம், நகர மன்றக் கட்டணம், தொலைபேசி பில், தவணைக்கு வாங்கிய சாமான் என்று பலவகைக் கடன். கடன் அடைவதற்கு முன்னும், அடைந்து சில மாதம் கழித்தும் அந்த 196 பேரையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கவனம் சிதறாமல் பதில் சொல்ல முடிகிறதா, பதற்றம் எவ்வளவு, பணம் பற்றிய முடிவுகளை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கடன் அடைந்த பிறகு மனம் தெளிவடைந்திருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. அதிலும் நுட்பமான விஷயம் என்னவென்றால், எவ்வளவு பணம் அடைக்கப்பட்டது என்பதைவிட எத்தனை கடன் கணக்குகள் மூடப்பட்டன என்பதுதான் முக்கியமாக இருந்தது. ஒரே தொகையால் மூன்று சின்னக் கடன்கள் முடிந்தவர், ஒரு பெரிய கடனில் பாதி குறைந்தவரைவிடத் தெளிவாக இருந்தார். ஒவ்வொரு கடனும் மனத்தில் தனியாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது போலும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஏழைகள் தவறான முடிவு எடுப்பதால் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற பேச்சு நம்மிடமும் இருக்கிறது. கோயிலில் அன்னதானத்துக்கு நிற்பவரைப் பார்த்து நம்மவரே பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஆய்வு எதிர்த் திசையைக் காட்டுகிறது. அதே ஆள், அதே மூளை, கடன் சுமை இறங்கியதும் வேறு மாதிரி யோசிக்கிறார். மாத்திரையை மறக்காமல் போடுவது, மருத்துவர் கொடுத்த தேதியை நினைவில் வைப்பது, கடைக்குப் போய்ச் சர்க்கரை குறைந்ததைப் பார்த்து எடுப்பது எல்லாமே கவனத்தைக் கேட்கும் வேலைகள்தான். நீரிழிவு என்பது தினமும் கவனம் கேட்கும் வியாதி. அந்தக் கவனத்தைக் கடன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இதோடு சேர்த்து, இங் கொக் ஹோ, டியோ யூ யென் முதலான ஆய்வாளர்கள் செய்த குறைந்தபட்ச வருமான அளவுகோலையும் பாருங்கள். நிபுணர்கள் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடாமல், சாதாரண மக்களைக் குழுக்களாக உட்கார வைத்து, இந்த நாட்டில் ஒருவர் கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பேச வைத்து, ஒவ்வொரு பொருளாக விலை போட்டார்கள். தனியாக வாழும் 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று 2019-இல் வந்தது. விருப்பப்படுவதையும் அடிப்படைத் தேவையாகச் சேர்த்துவிட்டார்கள் என்று 2021-இல் வந்த அடுத்த அறிக்கைக்கு நிதியமைச்சு ஆட்சேபம் சொன்னது. அந்த வாதம் நடக்கட்டும். என் பார்வையில் அந்த ஆய்வின் பெருமை எண்ணில் இல்லை. கேள்வியை யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கேட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அடுத்து மொழி. இது தமிழர்களாகிய நமக்கு நேராகப் படும் விஷயம். 2010-இல் மனநலக் கழகம் நடத்திய முதல் தேசிய மனநல ஆய்வு மிகக் கவனமாகச் செய்யப்பட்டது. 6,616 பேரைப் பேட்டி கண்டார்கள். சிறுபான்மையினரின் எண்ணிக்கை போதாமல் போகக் கூடாது என்று மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் அவர்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகவே சேர்த்தார்கள். ஆனால் பேட்டி மொழிகள் ஆங்கிலம், சீனம், மலாய். இந்த மூன்றும் பேச வராத தமிழர் ஒருவர் அந்த ஆய்வில் இடம்பெற முடியாது. இங்கே தமிழ் மட்டுமே வசதியாகப் பேசக்கூடியவர் யார் என்று யோசியுங்கள். வயதானவர், அதிகம் படிக்காதவர், ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து வீட்டோடு இருக்கும் பெண். மன அழுத்தம் யாரிடம் அதிகம் இருக்கலாம் என்று நாம் கவலைப்படுகிறோமோ அதே ஆட்கள். இந்தியர் எண்ணிக்கை நிறைந்துவிட்டது, ஆனால் ஆங்கிலம் பேசும் இந்தியரால் நிறைந்தது. 2013-இல் அதே கழகம் முதியோரிடையே மறதி நோய் பற்றி நடத்திய ஆய்வில் தமிழையும் சேர்த்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதி நோய் இருக்கிறது என்று நாம் பல ஆண்டுகள் சொல்லி வந்தது அதன் முடிவுதான். செலவும் சிரமமும் கூடும், ஆனால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான் என்று வந்தபோது, இனி எதற்குத் தமிழில் கேள்வித்தாள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த 2.5-க்குள்தான் நாம் தேடும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

இவ்வளவு நேரம் பேசியது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பற்றி. தமிழ் பேசும் இன்னொரு பெரிய கூட்டம் இந்தக் கணக்குகளில் எதிலுமே இல்லை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரத்தில்) நாம் பார்க்கும் தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரத்துப் பையன்கள். தேசிய சுகாதாரக் கருத்தாய்வு என்றால் அது சிங்கப்பூர்வாசிகளைப் பற்றியது, அவர்கள் அதில் வரமாட்டார்கள். கோவிட் பரவிய 2020-இல்தான் நாடு அவர்களை எண்ணியது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அரசாங்க அறிக்கையின்படி, விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 54,505 பேருக்குப் பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியானது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையையும் சேர்த்தபோது ஏறக்குறைய 47 விழுக்காட்டினரைத் தொற்று தொட்டுப் போயிருந்தது. வெளியில் இருந்த நமக்குத் தொற்று மிகக் குறைவு. ஒரே தீவு, ஒரே கிருமி. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மறு ஆண்டு, புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது.

அதன் பிறகு மாற்றங்கள் வந்திருக்கின்றன, அவற்றையும் உங்கள் ஆய்வில் எழுத வேண்டும். 2022 முதல் விடுதிவாசிகளுக்கு முதலாளி கட்டாயம் அடிப்படை மருத்துவத் திட்டம் எடுக்க வேண்டும். ஊழியர் மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி, தொலைவழி ஆலோசனைக்கு 2 வெள்ளி. மருத்துவமனைக் காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை 15,000 வெள்ளியிலிருந்து 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. 15,000-க்கு மேற்பட்ட பகுதியில் கால்வாசியை முதலாளி ஏற்க வேண்டும். ஆனால் ஆய்வாளருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த ஊழியர்கள் மருத்துவச் சோதனையில் தேறிய பிறகுதான் வேலைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். கடுமையாக நோய்வாய்ப்பட்டால் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனவே எந்த நாளில் அளந்தாலும் அவர்கள் ஆரோக்கியமாகவே தெரிவார்கள். நாற்பது வயதில் முதுகு போய், சிறுநீரகம் பழுதாகி, சர்க்கரையோடு திரும்பியவரின் கணக்கு புதுக்கோட்டையில் இருக்கும், சிங்கப்பூரில் இருக்காது. இரண்டு நாட்டிலும் தொடர்ந்து பின்தொடரும் ஆய்வு ஒன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று நீண்ட நாளாக நினைக்கிறேன். ஓர் இறுதியாண்டு மாணவரால் அது முடியாது. ஆனால் யாராவது ஒரு நாள் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் ஆய்வு. தலைப்பில் "இந்தியர்களும் நீரிழிவும்" என்று வைக்காதீர்கள். சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்: ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தமிழ்ப் பாதுகாவலர்கள் நீரிழிவோடு எப்படி நாளை ஓட்டுகிறார்கள் என்பது போல. இருபது பேரை ஆழமாகப் பேட்டி கண்டாலே போதும், புள்ளியியல் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இருநூறு பேரிடம் மேலோட்டமாக டிக் போட வைக்க வேண்டாம். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது, மாத்திரையை எந்த வேளையில் போடுகிறார், வேலையிடத்தில் உட்கார்ந்து ஊசி போட இடம் இருக்கிறதா, மருந்தகத்துக்குப் போக விடுப்பு கேட்டால் என்ன ஆகிறது, எத்தனை இடத்தில் கடன் பாக்கி இருக்கிறது என்று கேளுங்கள். பிரௌன் அரிசி சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டியைத் தமிழில் நடத்துங்கள். உங்கள் தமிழ் சுமார் என்றால் சரளமாகப் பேசும் நண்பரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். 'ஐயா', 'அண்ணே' என்று மரியாதையாகப் பேசினால், ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிக்கும் பதிலை அவர்கள் அரை மணி நேரம் சொல்வார்கள்.

பண்பாடு என்ற காரணத்தை எழுதும் முன் ஒரு சோதனை வையுங்கள். அதே பழக்கம் உள்ள வசதியான தமிழரிடமும் இந்த நோய் இதே கடுமையோடு இருக்கிறதா? அவருக்கும் கால் எடுக்க வேண்டி வருகிறதா, இல்லை முன்பே மருத்துவரிடம் போய்க் கட்டுப்படுத்திவிடுகிறாரா? நோய் வருவதில் உடல்வாகு இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். வந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வாழ்க்கை நிலை வெட்ட வெளிச்சமாகத் தெரியும். வருவதையும் வந்த பின் நடப்பதையும் தனித்தனியாக எழுதினால் உங்கள் ஆய்வு பாதி தெளிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை உங்கள் மேற்பார்வையாளர் சொல்லாமல் போகலாம். வாடகை புளோக்குகளில் சிலவற்றில் மாணவர்களும் தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள். "போன வருஷமும் இதே கேள்வி கேட்டாங்க, என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லலை" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் கேட்பது அவசியம், ஆனால் அது இந்தக் குறையைத் தீர்க்காது. வேலை முடிந்ததும் கண்டதை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, பேட்டி கொடுத்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அவர்கள் அங்கேயே திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தைச் சேர்த்த பிறகு அறிக்கையைச் சமர்ப்பியுங்கள். அதற்கான இரண்டு வாரத்தை இப்போதே உங்கள் கால அட்டவணையில் ஒதுக்கிவிடுங்கள். தேர்வு நேரத்தில் கிடைக்காது.